நந்தி மறைக்கிற காலனி

1

ஆஷிஸ் நந்தி பெயரை எடுத்தால் நம் கூட்டங்களில் ஒரே ஒரு தேதிதான் வருகிறது. 2013 ஜனவரி 26, ஜெய்ப்பூர் இலக்கிய விழா. ஊழல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட சாதியினர், பட்டியல் சாதியினர், இப்போது கூடுதலாகப் பழங்குடியினர் என்று அவர் மேடையில் சொன்னார். குடியரசு நாளில் சொன்னார். அதற்கு மேல் அந்த மனுசனைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை என்று தோழர்கள் பலர் முடித்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம் பிள்ளைகள் சிலர் இதற்கு நேர் எதிர். காலனியம், தேசியம், மதவெறி என்று எந்தக் கட்டுரை எழுதினாலும் நந்தியிடம் போய்த்தான் மேற்கோள் எடுக்கிறார்கள். ஜெய்ப்பூரைப் பற்றிக் கேட்டால், ‘அது ஏதோ வாய் தவறி வந்துடுச்சு தோழர்’ என்கிறார்கள்.

இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஜெய்ப்பூரில் அவர் சொன்னது வாய் தவறி வந்ததல்ல. முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் கட்டிய உளவியலில் ஒரு இடம் காலியாகவே கிடந்தது. அந்தக் காலி இடத்திலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது. அதே சமயம் அந்த உளவியலைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை. ஆயுதம் நல்ல ஆயுதம். அதை அவர் யார் பக்கம் திருப்பவே இல்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நான் உளவியல் படித்தவனல்ல. படப்பையில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். கவிதை எழுதுகிறவன். கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களின் கையும் குரலும் எப்படி மாறுகிறது என்று நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடுவோம். நந்தி 1937-ல் பீகாரின் பாகல்பூரில் ஒரு வங்காளிக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வருஷம் மருத்துவம் படித்துப் பாதியில் விட்டார். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்குப் போய்ச் சமூக அறிவியல் படித்தார். பிறகு உளவியல் பக்கம் திரும்பி, அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ரஜனி கோத்தாரி 1963-ல் தில்லியில் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தில் சேர்ந்து, 1992 முதல் 1997 வரை அதன் இயக்குநராக இருந்தார். 2007-ல் ஜப்பானின் ஃபுகுவோகா பெரும் பரிசு பெற்றார். அவர் படித்த அந்த நாக்பூர் 1956 அக்டோபர் 14-ல் நமக்கு என்னவாக ஆனது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உளவியல் என்றால் எலியும் கூண்டும், அறிவுத் திறன் சோதனையும், தேர்வுக் கமிஷனும் என்றிருந்த காலத்தில், அரசியலைப் படிப்பதற்கு மனசைப் படிக்க வேண்டும் என்று சொன்னவர் நந்தி. 1980-ல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ‘ஆல்டர்நேட்டிவ் சயின்சஸ்’ நூலில் ஜகதீஷ் சந்திர போஸ், நம் கணித மேதை ராமானுஜன் இருவரின் மனசையும் ஆராய்ந்தார். ‘அட் தி எட்ஜ் ஆஃப் சைக்காலஜி’ நூலில் காந்தி கொலையைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. கோட்சேயைப் பைத்தியக்காரன் என்று அவர் தள்ளிவிடவில்லை. அரசியலின் விளிம்பில் கிடந்தவர்களைக் காந்தி நடுவுக்குக் கொண்டுவந்ததில் மேல்சாதி மேலாண்மைக்கு உண்டான அச்சத்தோடு சேர்த்து அந்தக் கொலையை வாசித்தார். சித்பவன் பார்ப்பனர்கள் அதிகாரம் இழந்த வரலாறு அதில் வருகிறது. ஆகவே சாதி என்று ஒன்று இருப்பதே நந்திக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்தவர்தான். அதனால்தான் கணக்குக் கேட்கிறோம்.

1983-ல் வந்த ‘தி இன்டிமேட் எனிமி’தான் அவருக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது. அந்தரங்க எதிரி என்று சொல்லலாம். சின்னப் புத்தகம், இரண்டே கட்டுரைகள். அதன் சாரம் இது. வெள்ளைக்காரன் நிலத்தைப் பிடித்தான், வரி போட்டான் என்பதோடு காலனியம் முடிவதில்லை. அது மனசுக்குள் குடியேறுகிறது. ஆள்வதுதான் ஆண்மை, அடங்குவது பெண்மை என்று ஆகிறது. ஆளப்படுகிறவன் குழந்தை, ஆள்கிறவன் வளர்ந்தவன் என்று ஆகிறது. அடிமைப்பட்டவனும் இதை நம்பி, எதிர்க்கும்போதுகூட ஆண்டவனைப் போலவே ஆகப் பார்க்கிறான். இதைவிட முக்கியம் இன்னொன்று. இந்த நோய் ஆள்கிறவனையும் தின்கிறது. ஒரு ஜனத்தை மிதிப்பதற்கு முன்னால் தனக்குள் இருக்கும் மென்மையை, கருணையை, குழந்தையை அவன் மிதித்தாக வேண்டியிருக்கிறது. ஒடுக்குகிறவனும் ஒரு நோயாளி. ஒடுக்கப்பட்டவனுக்கு அந்த நோய் தெரியும்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நந்தி மேல் மரியாதை வந்தது. இன்றும் இருக்கிறது. ஃபிரான்ஸ் ஃபனோன் 1952-ல் கறுப்புத் தோலையும் வெள்ளை முகமூடியையும் பற்றி எழுதிய பிறகு, நம் நாட்டிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம் போன உளவியல்காரர்கள் குறைவு.

3

ஆனால் படித்துக்கொண்டே வரும்போது ஒரு சொல் முள்ளாகக் குத்தியது. காலனி.

நந்திக்குக் காலனி என்றால் வெள்ளைக்காரன் பிடித்த நாடு. எங்களுக்குக் காலனி என்றால் எங்கள் வீடு இருக்கும் தெரு. கணக்குத் தொடங்க வருகிறவர்களின் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து சம்பளக் கணக்குத் தொடங்க வரும் பெண் பிள்ளைகள் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வருகிறார்கள். பேர் எழுதும்போது வேகமாக ஓடுகிற பேனா முகவரிக் கட்டத்தில் ஒரு நொடி நிற்கும். அப்புறம் ‘காலனி’ என்று எழுதும். அல்லது அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுத் தெரு எண்ணையும் ஊர்ப் பேரையும் மட்டும் எழுதும். ஆதார் அட்டையில் இருப்பது வேறு, இதில் எழுதியது வேறு என்று நான் கேட்டாக வேண்டும். விதி அப்படி. கேட்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை எந்த உளவியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் இழிவின் அடையாளமாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று அறிவித்தார். நல்லது. நீக்கட்டும். சொல் போனாலும் அந்த ஒரு நொடித் தயக்கம் போவதற்கு என்ன ஆணை போடுவது?

நந்தி எழுதியிருக்க வேண்டிய புத்தகம் இதுதான். அவரிடம் எல்லாக் கருவியும் இருந்தது. ஆள்கிறவனைக் கண்டு அடங்குகிற மனசு, அவனைப் போல ஆகத் துடிக்கிற மனசு, அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கூசுகிற மனசு. இது அத்தனையும் இருநூறு வருஷத்துக் காலனியத்துக்குச் சரி என்றால், ஆயிரம் வருஷத்துக்கு மேல் நீடிக்கிற சாதிக்கு இன்னும் எவ்வளவு சரி?

அம்பேத்கர் இதை 1936-லேயே சொல்லிவிட்டார். லாகூரில் பேச விடாமல் செய்து, பிறகு அவரே அச்சடித்து வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், சாதி செங்கல் சுவர் மாதிரி இடித்துத் தள்ளக்கூடிய பொருளல்ல, அது ஒரு மன நிலை என்று வாதாடுகிறார். மன நிலை என்றால் உளவியல்தானே? இந்திய உளவியல் துறைக்கு அதைவிடப் பெரிய பாடத்திட்டத்தை வேறு யார் எழுதித் தந்தார்கள்? எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

நந்தியின் முக்கிய நூல்களில் யார் யாருடைய மனசு ஆராயப்படுகிறது என்று நான் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஜகதீஷ் போஸ், ராமானுஜன், காந்தி, கோட்சே, கிப்ளிங், அரவிந்தர், தாகூர், இந்திய உளப்பகுப்பாய்வின் முன்னோடி கிரீந்திரசேகர் போஸ், நீதிபதி ராதாபினோத் பால். அத்தனை பேரும் பெரிய ஆட்கள். ஒருவருடைய கையிலும் சேரியின் மண் இல்லை. மன நிலை என்று சொன்ன அம்பேத்கருடைய மனசு இந்த வரிசையில் வரவில்லை. 1932-ல் எரவாடாச் சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தபோது, ஒரு உயிரின் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் இறக்கி வைக்கப்பட்டதே, அன்றைக்கு அந்த அறையில் அடங்க வைக்கப்பட்டவர் யார், அடங்க வைத்தவர் யார்? மென்மையால் எதிரியை வெல்கிறவர் என்று நந்தி கொண்டாடும் காந்தியை அந்தக் கட்டில் பக்கத்தில் வைத்து வாசித்திருந்தால் அவருடைய கோட்பாடே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பெயரை வைத்து ஒரு பகடி. திருப்புன்கூரில் நந்தன் வெளியே நின்று பார்ப்பதற்காக நந்தி விலகிக்கொடுத்தது என்று கதை சொல்கிறார்கள். விலகியதாகவே இருக்கட்டும். பார்வைக்கு வழி கிடைத்தது, நடைக்குக் கிடைக்கவில்லை. உள்ளே போக அவன் தில்லையில் நெருப்புக்குள் இறங்க வேண்டியிருந்தது. இந்த நந்தியும் வெள்ளைக்காரனைப் பார்க்க நமக்கு வழிவிட்டார். ஊர்த்தெருவைப் பார்க்கிற இடத்தில் மட்டும் படுத்துக்கொண்டார்.

4

அந்த இடத்தில் அவர் ஏன் படுத்துக்கொண்டார்? இதற்கும் அவர் எழுத்திலேயே பதில் இருக்கிறது. நவீன அரசு, வளர்ச்சி, விஞ்ஞானம், நகரத்து நடுத்தர வர்க்கம் இவைதான் வன்முறையின் பெரிய ஊற்று என்பது அவர் கட்சி. நம்பிக்கை சார்ந்து வாழும் பழைய சமூகங்களிடம் சகித்துக்கொள்ளும் சக்தி உண்டு, மதச்சார்பின்மை பேசும் படித்தவனிடம் அது இல்லை என்று 1985-லிருந்து வாதாடினார். பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு 1995-ல் மூன்று பேரோடு சேர்ந்து ‘கிரியேட்டிங் எ நேஷனாலிட்டி’ எழுதினார். இந்துத்துவம் பழமையின் குழந்தையல்ல, நவீனத்தின் குழந்தை என்று காட்டினார். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2002 குஜராத் படுகொலைக்குப் பிறகும், 2008-ல் குஜராத் நடுத்தர வர்க்கத்தைக் குற்றம் சாட்டி எழுதி வழக்கு வாங்கியபோதும் அவர் பின்வாங்கவில்லை. அந்தத் துணிச்சலுக்கு வணக்கம்.

ஆனால் பழமையின் கிராமம் யாருடைய கிராமம்? 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது நமக்கு மனப்பாடம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ல் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியது எந்த நகரத்து நடுத்தர வர்க்கம்? மேலவளவில் 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது எந்த விஞ்ஞானம்? ஓட்டுப்பெட்டி என்ற நவீனம் ஊருக்குள் வந்தது, அதைப் பொறுக்காமல் பழமை அரிவாள் எடுத்தது. நந்தியின் படத்தைத் தலைகீழாக வைத்தால்தான் மேலவளவு புரியும்.

எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். படப்பையும் அதில்தான் இருந்தது. 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதார் குறுக்கே நிற்கிறான் என்று பதிவு செய்தார். 1892-ல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அதை மற்றவர்கள் எப்படித் தின்றார்கள் என்பது வேறு கதை. வெள்ளைக்காரன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு அவன் கணக்கு இருந்தது. ஆனால் காலனியவாதி ஒரு பக்கம், அவனால் காயப்பட்ட இந்தியன் மறுபக்கம் என்று இரண்டே பாத்திரம் வைத்து நாடகம் போட்டால், அந்த மிராசுதார் எந்தப் பக்கம் நிற்பான்? காயப்பட்ட இந்தியன் பக்கம் நிற்பான். அவனுக்குப் பின்னால் நிற்கும் பண்ணையாள் மேடையிலேயே தெரியமாட்டான்.

நந்தி 2001-ல் ‘ஆன் ஆம்பிகுவஸ் ஜர்னி டு தி சிட்டி’ என்று ஒரு நூல் எழுதினார். கிராமம் என்பது நகரத்துக்குப் போனவன் மனசில் கட்டிக்கொள்ளும் ஒரு கனவு என்கிறார். முகமில்லாமல் வாழக் கிடைக்கும் சுதந்திரத்துக்காகத்தான் ஒடுக்கப்பட்டவன் நகரத்துக்குப் போகிறான் என்பதும் அவருக்குத் தெரிகிறது. அருமையான நூல். அதை எடுத்துக்கொண்டு படப்பைக்கு வந்து ஒரு வாடகை வீடு தேடிப் பார்க்கணும். வண்டலூர் – வாலாஜாபாத் ரோடு அகலமாகி, ரெண்டு பக்கமும் கம்பெனி பஸ் ஓடுகிறது. நகரம்தான். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கேட்பார்: ‘எங்க வேல? சைவமா, அசைவமா? சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?’ நாலு கேள்வி. மூன்றாவது கேள்விவரை நாம் நகரத்தில் இருக்கிறோம். நாலாவதில் ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறோம். ‘யோசிச்சு சொல்றேம்ப்பா, தம்பி வந்ததும் கேட்டுட்டு’ என்பார். தம்பி வரவே மாட்டான். எனக்கும் இது நடந்திருக்கிறது. என் வயசில் நம் ஆட்கள் யாருக்கு நடக்கவில்லை?

இந்த அம்மா கெட்டவரில்லை. தாகத்துக்குத் தண்ணி கேட்டால் கொடுப்பார், டம்ளரைத் தனியாக வைப்பார். அந்த நாலாவது கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? வெட்கமா, பயமா, பழக்கமா? இதுதான் உளவியல்.

5

இனி ஜெய்ப்பூர்.

அந்த மேடையில் நந்தி சொன்னதன் முழு வடிவத்தை நேர்மையாக வைக்க வேண்டும். பணக்காரனின் ஊழல் ஊழலாகத் தெரிவதில்லை என்றார். மேல்தட்டு ஆசாமிகள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் பெரிய பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் வாங்கிக் கொடுத்துக்கொள்வார்கள், அதைத் திறமைக்கு ஆதரவு என்று சொல்வார்கள், ஒடுக்கப்பட்டவன் செய்தால்தான் அது ஊழலாகத் தெரியும் என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி. சரியான பாதி. நல்லெண்ணத்தோடு சொன்ன மோசமான பேச்சு என்ற பொருளில் காஞ்சா அய்லய்யா அன்றைக்குச் சொன்னதும் இதை வைத்துத்தான்.

ஆனால் மறு பாதியில், ஊழல்காரர்களில் பெரும்பாலோர் இன்னின்ன சாதி என்று ஒரு எண்ணிக்கை இருக்கிறது. யார் எண்ணியது? எந்தக் கணக்கு? உளவியல் ஒரு விஞ்ஞானம் என்றால் முதலில் எண்ணிவிட்டுத்தானே பேச வேண்டும்? அத்தோடு மேற்கு வங்கத்தை உதாரணம் காட்டினார். இருப்பதில் ஊழல் குறைந்த மாநிலம் அது, கடந்த நூறு வருஷத்தில் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதிக்காரர் யாரும் அங்கே அதிகாரத்தின் பக்கத்திலேயே வரவில்லை என்றார்.

ஜோகேந்திரநாத் மண்டல் யார்? நாமசூத்திரர். 1946-ல் வங்காளத்தில் சுஹ்ரவர்தி அமைச்சரவையில் அமைச்சர். அதே வருஷம் வங்காளத்திலிருந்து அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்த கை அவருடையது. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராகி, 1950-ல் அங்கே தலித்துகளுக்கு நடந்ததைக் கண்டு பதவியை விட்டுத் திரும்பி வந்தார். நூறு வருஷக் கணக்கில் இவர் எங்கே விழுந்தார்? சரி, அதற்குப் பிறகு பெரும்பாலும் யாரும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏன் வரவில்லை என்று கேட்பதல்லவா உளவியல்காரனின் வேலை? 1979-ல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய நாமசூத்திர அகதிகளைப் போலீஸ் சூழ்ந்து, தண்ணீரையும் சோற்றையும் மறித்து, சுட்டு விரட்டினார்களே. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்குக்கூட இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த மாநிலத்தைச் சுத்தத்துக்கு உதாரணமாகச் சொல்ல ஒரு வங்காளிப் படிப்பாளிக்கு எப்படி மனசு வந்தது? இதுதான் நான் சொன்ன காலி இடம். அந்தரங்க எதிரி என்று அவர் பேர் வைத்தாரே, அது அவருக்கு உள்ளேயும் உட்கார்ந்திருந்தது.

2013-ல் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேறு ஊர், வேறு கிளை. அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் கேஷ் டாலி ஆகவில்லை. 2,000 ரூபாய் குறைந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மூத்தவர் ஒருவர் டீ டம்ளரை வைத்துவிட்டு, மடித்திருந்த பேப்பரைத் தட்டி, ‘டெல்லி புரொபசரே சொல்லிட்டாரு, பாத்தீங்களா சார்’ என்றார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் இன்னொருவர் கட்டிய கட்டில் நாலு நோட்டு கூடுதலாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நந்தி அந்த மூத்தவருக்காகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பேச்சு போய்ச் சேர்ந்தது அந்த டீ டம்ளருக்குத்தான். ஒரு பேச்சு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதவர் எப்படி மனசைப் படித்தவர்?

9,000 கோடிக்கு மேல் கடன் பாக்கியோடு 2016-ல் விஜய் மல்லையா நாட்டை விட்டுப் போனார். 2018-ல் நீரவ் மோடி மீது 13,000 கோடிக்கு மேல் மோசடி வழக்கு வந்தது. எந்த இலக்கிய விழாவிலும் அவர்கள் சாதியை யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். எண்ணுவதானால் எல்லாரையும் எண்ணுங்கள்.

இங்கே தோழர்களோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. நந்தி மேல் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். பிப்ரவரி 1-ல் உச்ச நீதிமன்றம் அவரைக் கைது செய்யத் தடை விதித்தது, இப்படிப் பேச உரிமம் இல்லை என்றும் கண்டித்தது. அந்த வழக்கு நமக்கு லாபமில்லை. அந்தச் சட்டம் நாம் ரத்தம் சிந்தி வாங்கிய அரிவாள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அந்த மாதிரி இடத்துக்கு வைத்திருக்கிற அரிவாள். அதைக் கருத்தரங்க மேடையில் வீசினால் முனை மழுங்கும், ‘இவங்களுக்கு விவாதம் தெரியாது’ என்று அவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். நந்திக்குப் பதில் எழுத்தில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகியும் நாம் அந்தப் பதிலை முழுசாக எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

6

பதில் எப்படி இருக்கணும்?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்று கறுப்பினத் தம்பதி. இருவரும் உளவியல் படித்தவர்கள். 1940-களில் நிறம் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பொம்மைகளைக் கறுப்புக் குழந்தைகள் முன்னால் வைத்து, எது நல்ல பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்ல பொம்மை என்றன. உன்னைப் போல இருப்பது எது என்ற கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதுகொண்டு ஓடின. கேட்டார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வும் அதில் சான்றாக நின்றது. அதோடு கென்னத் கிளார்க் நிற்கவில்லை. 1955-ல் எழுதிய நூலில் நிறவெறி வெள்ளைக் குழந்தையை என்ன செய்கிறது என்றும் கேட்டார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளிருந்து ஒரு உளவியல்காரர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

நமக்குப் பொம்மை வேண்டாம். நம்மிடம் புத்தகங்கள் இருக்கின்றன. பாமாவின் ‘கருக்கு’ (1992), ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002), கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) ஆகியவற்றை இலக்கியம் என்று மட்டும் படித்தது போதும். இவைதான் தமிழில் எழுதப்பட்ட நம் உளவியல் நூல்கள். கூச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த வயசில் வருகிறது, எப்படி உதறப்படுகிறது என்று ஆதாரத்தோடு இருக்கிறது.

இல்லாத நூல் மறுபக்கத்து நூல்தான். நந்தி கிப்ளிங்கைப் பற்றி எழுதியதை நினைத்துப் பாருங்கள். பம்பாயில் வேலைக்காரர்களின் மடியில் அவர்கள் பாஷை பேசி வளர்ந்த குழந்தை, ஆறு வயசை ஒட்டி இங்கிலாந்தில் அன்னியர் வீட்டில் விடப்பட்டு வதைபட்டது. வளர்ந்து ஏகாதிபத்தியத்தின் பாடகனானது, தனக்குள் இருந்த அந்த மென்மையான இந்தியப் பாதியை வெறுத்துத்தான் என்கிறார் நந்தி. இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். ஊர்த்தெருப் பையன். அவன் அப்பன் வயலில் நடவு நட்ட சேரிப் பொம்பளை களத்துமேட்டில் அவனைத் தூக்கி வைத்திருந்திருக்கிறாள். அவள் மகனோடு ஏரியில் குதித்திருக்கிறான், கில்லி ஆடியிருக்கிறான். ஒருநாள் அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்து, ‘அவங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சியா?’ என்கிறாள். அன்றைக்கு அவனுக்குள் எது செத்தது? அவன் அதை எங்கே புதைத்தான்? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போகிறது. உளவியல் துறைகள் போகவில்லை.

போகாததன் விளைவை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். கூடப் படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயரிலிருந்து சாதியை நீக்குவது என்று பல பரிந்துரைகள். தேவைதான். ஆனால் கயிறு மணிக்கட்டில் ஏறுவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே வேறொன்று மனசில் ஏறியிருக்கிறது.

2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா செத்தபோதும், 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தாட்வி செத்தபோதும் செத்தவரின் மனசைத்தான் தோண்டினார்கள். மன அழுத்தமா, பலவீனமா, குடும்பப் பிரச்சினையா? நம் பிள்ளைக்குக் கவுன்சலிங் வேண்டும் என்றார்கள். கவுன்சலிங் யாருக்கு வேண்டும் என்பதே இன்றைய அரசியல் கேள்வி. நாலாவது கேள்வியைக் கேட்கிற வீட்டுக்காரம்மாவுக்கு, பேப்பரைத் தட்டுகிற மூத்தவருக்கு, வாய்மொழித் தேர்வில் முகவரியைப் பார்த்து மார்க் போடுகிற பேராசிரியருக்கு வேண்டும்.

உளவியல் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு என்று வரும்போது ‘தலித் மாணவர்களிடையே தன்னம்பிக்கைக் குறைவு’ என்று எழுதி வாங்க வழிகாட்டிகள் தயாராக இருப்பார்கள். அதை மறுத்துவிடுங்கள். ‘ஆதிக்க சாதி மாணவர்களிடையே தீண்டாமை எந்த வயதில், யாரால், எப்படிக் கற்பிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கொடுங்கள். அனுமதி கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்பதையும் குறித்து வையுங்கள், அதுவும் தரவுதான். நந்தியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒடுக்குகிறவனும் நோயாளி என்று அவர் சொன்ன பக்கத்தில் அடையாளம் வைத்து, அதற்கு அடுத்த பக்கத்தை நீங்கள் எழுதத் தொடங்குங்கள். காலனி மக்களின் மனசை ஊரார் ஆராய்ந்தது போதும். ஊரின் மனசைக் காலனி ஆராயட்டும்.